எந்த ஊர் உழக்கு?

சமையல் பற்றி நான் எழுதினால் தங்கமணி சிரிப்பார். வெந்நீர் வைப்பதோடு என் சமையல் ஞானம் முடிந்துவிடும். படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். ஆனாலும் இந்த விஷயத்தை நான்தான் எழுதியாக வேண்டும். ஏனென்றால் இது சமையல் சமாச்சாரம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது கணக்கு. அதிலும் எங்கள் தொழில் கணக்கு.

தம்பானூருக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு, இன்னொரு பக்கம் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டிக்காரர் கூவுவது. தமிழ்ச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். நினைத்தவுடன் போய் வர முடியாத தூரம். தங்கை மெல்போர்னில். எங்கள் இருவருக்கும் பொதுவாக மிச்சமிருப்பது அம்மாவின் சமையல் நோட்டு ஒன்றுதான்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, நடுவில் மளிகைக் கணக்கும் இருக்கும். தங்கை ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாள். அசல் என்னிடம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ தீபாவளி. அம்மா கைப்பக்குவத்தில் அதிரசம் செய்வது என்று அண்ணன் வீட்டிலும் தங்கை வீட்டிலும் ஒரே நாளில் முடிவு. நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: "பச்சரிசி 4 உழக்கு. வெல்லம் முக்கால் கிலோ. ஏலக்காய், சுக்கு. பாகு தக்காளிப் பதம்."

தங்கை உழக்கு என்பதை ஒரு கப் என்று வைத்துக்கொண்டாள். ஆஸ்திரேலியாவில் கப் என்றால் 250 மில்லி. நான்கு கப் பச்சரிசி, முக்கால் கிலோ வெல்லம். எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து, கரைந்து, வாணலி முழுக்கச் சேறு.

நான் படித்தவனாயிற்றே! வாய்ப்பாட்டைப் புரட்டினேன். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, கால் படி ஓர் உழக்கு. படி சுமார் 1.6 லிட்டர் என்று ஓர் இடத்தில் பார்த்தேன். அப்படியானால் உழக்கு 400 மில்லி. தங்கமணி அந்தக் கணக்கில் அரிசி போட்டார். வந்தது அதிரசம் அல்ல, ஓடு. பையன் ஒன்றை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை வச்சு கிரிக்கெட் ஆடலாம்" என்றான்.

ஒரே அம்மா, ஒரே பக்கம், ஒரே எழுத்து. ஒரு வீட்டில் கூழ், இன்னொரு வீட்டில் கல்.

ராத்திரி போனில் தங்கை கேட்டாள்: "அண்ணா, அம்மாவோட உழக்கு உன்கிட்டதானே இருக்கு? அதுல ஒரு தடவை அளந்து சொல்லேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா காரியம் முடிந்து வீட்டைக் காலி செய்தபோது, பரணில் இருந்த பித்தளைச் சாமான்களை எல்லாம் பழைய பாத்திரக்காரரிடம் போட்டது நான்தான். அண்டா, குத்துவிளக்கின் உடைந்த தண்டு, ஒடுங்கிய செம்பு, அதோடு அந்த உழக்கும் போயிற்று. அவர் தராசில் வைத்து நிறுத்து, கிலோ கணக்கில் பணம் கொடுத்தார். நான் எண்ணி வாங்கிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தின் முகத்தல் அளவையை நிறுத்தல் அளவையில் விற்றவன் நான்.

*

மறுநாள் சாயங்காலம் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். தம்பானூரிலிருந்து நடந்தே போய்விடலாம். ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்தில் உருவான கடைத்தெரு அது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே தமிழ் பேசும் வியாபாரிகள் நிறைய. ஒரு பாத்திரக் கடையில் நுழைந்து, "ஓர் உழக்கு வேணும்" என்றேன்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த ஊரு அளவு சார் வேணும்?"

இந்தக் கேள்வியைத்தான் நானும் தங்கையும் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அவர் இரண்டு மூன்று பாத்திரங்களை எடுத்துப் பரப்பினார். இது நாழி, இது இடங்கழி, அதோ மேலே இருப்பது பறை. இங்கே நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. நம் தமிழ் வாய்ப்பாட்டில் நாழி என்றாலே படிதான். எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பெயர் ஒன்றுதான். ஆனால் இங்கே கால் இடங்கழியாக இருக்கிற நாழி, அங்கே முழுப் படியாக இருக்கிறது. நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று இந்தப் பக்கம் இருந்த பூமி. அங்கிருந்து தம்பானூருக்கு வந்த குடும்பமும், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் குடும்பமும் "ஒரு நாழி அரிசி" என்று சொன்னால், இரண்டு பேருக்கும் புரிந்த மாதிரி இருக்கும். ஆனால் புரிந்திருக்காது.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28½ சக்கரம். இரண்டுமே ரூபாய்தான். "எந்த ரூபாய்?" என்று கேட்காத வியாபாரிக்கு ஒவ்வொரு ரூபாயிலும் அரைச் சக்கரம் நஷ்டம்.

பேங்கில் ஒருவர் வந்து, "சார், வெளிநாட்டு நோட்டு நூறு இருக்கு, எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டால் நாங்கள் என்ன கேட்போம்? எந்த நாட்டு நோட்டு? வாங்குகிற ரேட்டா, விற்கிற ரேட்டா? எந்தத் தேதி ரேட்? டாலருக்கும் யென்னுக்கும் ஒரே ரேட் போடுகிற காஷியரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் சமையலறையில் மட்டும் "ஒரு கப் எத்தனை கிராம்?" என்று கேட்கிறோம், அதற்கு யாரோ "இருநூறு" என்று பதில் சொல்கிறார்கள், நாமும் எழுதிக்கொள்கிறோம்.

ஒரு கப்புக்கு இத்தனை கிராம் என்று பொதுவான கணக்கே கிடையாது. எந்தக் கப், எந்தச் சாமான், எப்படி நிரப்பியது என்று மூன்றையும் சொன்னால்தான் கிராம் வரும். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கு வியாக்கியானம்.

*

முதலில், எந்தக் கப்?

அமெரிக்காவில் சமையல் கப் சுமார் 237 மில்லி. உணவுப் பொட்டலச் சீட்டுக்கு அவர்கள் 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானியச் சமையல் கப் 200. எலக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப் இருக்கிறதே, அது பெரும்பாலும் 180 மில்லி. ஜப்பானின் பழைய அரிசி அளவு அது. குக்கர் பாத்திரத்தின் உட்புறம் 1, 2, 3 என்று போட்டிருக்கும் தண்ணீர்க் கோடு அந்த 180 மில்லி கப்புக்குத்தான் பொருந்தும். வீடு மாறும்போது அந்தக் கப் தொலைந்துபோய், அமெரிக்கக் கப்பால் அரிசி அளந்து கோடு வரை தண்ணீர் விட்டு, சோறு நறுக்கரிசியாய் நிற்கிறதே என்று குக்கரைத் திட்டுகிற குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு.

ஸ்பூனும் அப்படித்தான். பல நாடுகளில் மேஜைக் கரண்டி 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. தங்கை வீட்டு ஊறுகாயில் உப்பு ஏன் தூக்கலாக இருந்தது என்று இப்போது புரிகிறது.

அடுத்து, எந்தச் சாமான்?

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, 240 மில்லி கப் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்த டப்பாக்களை எல்லாம் திறந்தேன். "ஏங்க, ஆபீஸ்லதான் ஆடிட்னா இங்கேயுமா?" என்று தங்கமணி. எல்லாம் தலைதட்டி அளந்தது, சுமார் கணக்கு:

பச்சரிசி 197 கிராம். உருட்டு உளுந்து 198. ரவை 170. கோதுமை மாவு, லேசாக அள்ளிப் போட்டால் 122, அழுத்தி அடைத்தால் 155. பொரி 20-க்கும் கீழே. பையனுக்காக வாங்கிய பாஸ்தாவில், வளைந்த குட்டி மக்ரோனி 110, குழாய் மாதிரி இருக்கும் பென்னே 90, திருகு திருகாக இருப்பது 80. நீளக் கம்பி ஸ்பகெட்டியைக் கப்பில் அளக்கவே வழியில்லை.

பாஸ்தாவைக் கவனியுங்கள். மூன்றும் ஒரே கோதுமை ரவையில் செய்தவை. மாவு ஒன்று, உருவம்தான் வேறு. ஆனால் ஒரு கப் மக்ரோனிக்கும் ஒரு கப் திருகுக்கும் 30 கிராம் வித்தியாசம். நாலு பேருக்கு நாலு கப் என்று கணக்குப் போட்டால், ஒரு நாள் மிஞ்சும், ஒரு நாள் பற்றாது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. கப்பில் நாம் அளப்பது பாஸ்தாவை மட்டும் அல்ல, பாஸ்தாவுக்கு நடுவில் இருக்கும் காற்றையும் சேர்த்துத்தான். கோணல் மாணலாக இருக்கிற சாமான் ஒன்றோடு ஒன்று ஒட்டி உட்காராது. குழாய்க்குள்ளேயும் காற்று.

ஒரே அளவுள்ள உருண்டைகளைப் பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கினால், பாத்திரத்தில் சுமார் 64 சதவீதம்தான் உருண்டை, மீதி காற்று. 2004-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தட்டை உருண்டையான எம் அண்ட் எம் மிட்டாயைக் கொட்டிப் பார்த்து, அது உருண்டையைவிட நெருக்கமாக அடைகிறது, 68 சதவீதம் வரை போகிறது என்று கண்டார்கள். உருவம் மாறினால் அடைசல் மாறும். பொரி விற்கிற ஆயாவுக்கு இது எப்போதோ தெரியும். அதனால்தான் பொரியை யாரும் உழக்கில் கேட்பதில்லை, படியில் கேட்கிறார்கள்.

பாஸ்தாவில் இன்னொரு குழியும் இருக்கிறது. "இரண்டு கப் பாஸ்தா" என்று குறிப்பில் எழுதியிருக்கும். வேகாததா, வெந்ததா? 100 கிராம் காய்ந்த பாஸ்தா வெந்தால் தண்ணீர் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் எடை வரும். அமெரிக்கப் பொட்டலங்களில் ஓர் ஆளுக்கு 56 கிராம் என்று போட்டிருப்பது காய்ந்த பாஸ்தாவின் எடை. அதை வெந்த எடை என்று நினைத்துத் தட்டில் போட்டால் பிள்ளை பட்டினிதான். அந்தப் பொட்டலம் வாங்குகிற எல்லோரிடமும் நான் சொல்வது, கப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, காய்ந்ததாகவே தராசில் நிறுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, எப்படி நிரப்பியது?

பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கும்போது தலைதட்டி வாங்கு, திருப்பிக் கொடுக்கும்போது குமித்துக் கொடு என்பாள் அம்மா. நாலு அரிசி கூடப் போனால் தப்பில்லை, குறையக் கூடாது. மரியாதை சரி. ஆனால் குமித்த உழக்கும் தலைதட்டிய உழக்கும் ஒன்றல்ல என்று இந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. பாத்திரத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் அரிசி இறங்கி, இன்னும் ஒரு பிடி கொள்ளும். நெல் அளப்பவர் மரக்காலைக் குலுக்குகிறாரா என்று ஊரில் நாலு கண் பார்த்துக்கொண்டிருக்கும்.

*

அப்படியானால் பழைய அளவெல்லாம் பொய்யா, கிராமுக்கு மாறிவிட வேண்டியதுதானா? சில நண்பர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். உழக்கையும் ஆழாக்கையும் மியூசியத்துக்கு அனுப்பு, எல்லாவற்றையும் தராசில் வை என்று.

எனக்கு அதில் சம்மதம் இல்லை.

தங்கமணி வாரம் இரண்டு முறை இட்லிக்குப் போடுகிறார். நாலுக்கு ஒன்று. ரைஸ் குக்கர் கப்போ டம்ளரோ, எது கைக்கு வந்தாலும் நாலு அரிசி, ஒன்று உளுந்து. தராசைப் பக்கத்தில் விடுவதில்லை. இட்லி பூவாக வருகிறது. ஏன்? ஒரே பாத்திரத்தால் எல்லாவற்றையும் அளந்தால், பாத்திரம் எவ்வளவு பெரியது என்பதே கணக்கிலிருந்து அடிபட்டுப் போகும். விகிதம் மட்டும் நிற்கும். அதோடு மேலே பாருங்கள், அரிசி 197, உளுந்து 198. இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம். அதனால் கப்பில் நாலுக்கு ஒன்று என்றாலும், எடையில் நாலுக்கு ஒன்று என்றாலும் மாவு ஒன்றுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்களே தவிர, கிராமில் அளந்து போடு என்று சொல்லவில்லை.

அம்மாவின் நோட்டில் இட்லி, தோசை, அடை, பொங்கல் எல்லாம் பிழைத்துக்கொண்டன. உழக்கு தொலைந்தும் அவை தொலையவில்லை. தொலைந்தது அதிரசம் மாதிரி நாலைந்து பக்கம் மட்டும்தான். அது ஏன் என்று யோசித்தேன்.

அரிசி எங்கள் வயலில் விளைந்தது. நெல் கலத்திலும் மரக்காலிலும் வீட்டுக்கு வந்தது, குதிரிலிருந்து உழக்கில் அடுப்படிக்குப் போனது. வெல்லம் செட்டியார் கடையிலிருந்து வந்தது. கடையில் தராசு. 1956-ல் அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் கிலோ நடைமுறைக்கு வரத் தொடங்கி, சில வருஷங்களில் கடைகளில் சேரும் வீசையும் பலமும் போய்விட்டன. வீட்டுக்குள் இருந்த உழக்கை எந்த அதிகாரியும் வந்து பார்க்கவில்லை. ஆக, ஒரே குறிப்பில் சொந்த வயல் சாமான் முகத்தலில், கடைச் சாமான் நிறுத்தலில். அம்மாவுக்கு இரண்டும் கையில் இருந்ததால் பிரச்சினை இல்லை. உழக்கு போன பிறகு "4 உழக்கு" என்பது வெறும் எழுத்து. "முக்கால் கிலோ" மட்டும் அப்படியே நிற்கிறது. விகிதம் உடைந்துவிட்டது.

வயதானவர்கள் அணா-பைசாக் கணக்கை ஞாபகம் வைத்திருப்பார்கள். 1957 ஏப்ரல் 1-ல் புதுக் காசு வந்தபோது ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. தனித்தனியாக நாலு தடவை ஓர் அணா மாற்றினால் 24-தான் கிடைக்கும், மொத்தமாக மாற்றினால் 25. மாற்றும் இடத்தில்தான் எப்போதும் ஒழுகும். அதனால் மாற்ற வேண்டியிருந்தால், ஒரு தடவை, சரியாக, மூலத்தை வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். மூலம் போன பிறகு மாற்றுவது அனுமானம்.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. "அம்மா எங்கே அளந்தா? எல்லாம் கண்ணளவு, கைப்பக்குவம்" என்று உருகுகிற கட்சி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் என் அம்மா அளந்தாள். முப்பது நாற்பது வருஷம் ஒரே உழக்கால், ஒரே கரண்டியால் அளந்து அளந்து, பிறகு கண்ணுக்கே அது படிந்துவிட்டது. கண்ணளவு என்பது அளவு இல்லாமை அல்ல. நாம் அதைக் கைப்பக்குவம் என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, அளந்து எழுதாமல் விட்டோம். பாத்திரக்காரரிடம் நான் உழக்கைப் போட்டதற்கும் இந்த மனசுதான் காரணம். அம்மாவின் ருசி கையில் இருந்தது என்று நம்பினேன். பாதி அந்தப் பித்தளையில் இருந்தது.

*

கதையை முடித்துவிடுகிறேன். சாலைக் கடைப் பெரியவர், "அம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்க யாராவது உண்டா? ஒண்ணு வாங்குன வீட்டுல ரெண்டு வாங்கியிருப்பாங்க" என்றார். நாழி விற்க வந்தவர், விற்காமல் வழி சொல்லி அனுப்பினார்.

கும்பகோணத்தில் சித்தி இருக்கிறார். போன் போட்டேன். "பாட்டி ரெண்டு பொண்ணுக்கும் ஒரே மாதிரிதாம்ப்பா சீர் குடுத்தாங்க. என்னோடது பூஜை ரூம்ல இருக்கு, நெல்லு போட்டு வச்சிருக்கேன்" என்றார். நிறைநாழியாக வைத்திருக்கிறார்! இங்கே மலையாளிக் கல்யாணங்களில் பறையில் நெல் நிறைத்துத் தென்னம்பாளை சொருகி வைப்பார்களே, அதே சங்கதி. கடையை விட்டுப் போன அளவு, சாமி கிட்டேயும் கல்யாணத்திலும் உயிரோடு இருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தராசைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சித்தியின் உழக்கை வெறுமனே தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, முதலில் தண்ணீர். விளிம்பு வரை 320 கிராம். தண்ணீருக்குக் கிராமும் மில்லியும் ஒன்று, ஆக 320 மில்லி. பிறகு நன்றாகத் துடைத்துக் காயவைத்து, பச்சரிசி. மூன்று தடவை அளந்து சராசரி போட்டேன். தலைதட்டி 262 கிராம். குமித்து 298.

"சித்தி, அம்மா குமிச்சு அளப்பாங்களா, தலைதட்டியா?"

"அக்காவா? தலைதட்டித்தான். குமிச்சா பாட்டி கையில அடி விழும். சமைக்கறதுக்குத் தலைதட்டி, குடுக்கறதுக்குக் குமிச்சு."

நாலு உழக்கு 1,048 கிராம். அதற்கு வெல்லம் முக்கால் கிலோ. அரிசிக்கு எடையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே. தங்கை போட்டது 820 கிராம் அரிசி, வெல்லம் மிஞ்சிப் போய்க் கரைந்தது. நான் போட வைத்தது 1,300 கிராம், வெல்லம் போதாமல் இறுகியது. இரண்டு பேரும் அம்மாவின் இரண்டு பக்கத்தில் நின்றிருக்கிறோம்.

அன்றைக்கே தங்கைக்கு இரண்டு எண்ணும் அனுப்பினேன். அந்தத் தீபாவளிக்கு மெல்போர்னிலிருந்து வீடியோவில் காட்டினாள். நடுவில் ஓட்டையோடு, செக்கச்செவேலென்று. கடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அண்ணா, இதுதான்" என்றாள். நானும் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே மக்களே, வெளியூரில் வெளிநாட்டில் இருக்கிற நம் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது தராசு ஒன்றை எடுத்துப் போங்கள். அம்மா, பாட்டி, மாமியார் எந்தப் பாத்திரத்தால் அளக்கிறார்களோ அதைத் தண்ணீரால் அளங்கள். பிறகு அரிசி, பருப்பு, ரவை, மாவு ஒவ்வொன்றையும் தனித்தனியாக, அவர்கள் கையாலேயே நிரப்பச் சொல்லி நிறுத்துப் பாருங்கள். குமித்ததா தலைதட்டியதா என்று பக்கத்தில் எழுதுங்கள். உள்ளங்கை உப்பையும் விடாதீர்கள். பழைய குறிப்பை அழிக்க வேண்டாம். "4 உழக்கு" அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் கிராமை எழுதுங்கள். ஒரு மணி நேர வேலை.

அதைச் செய்கிற காலத்தில் செய்துவிடுங்கள். சித்திக்கு எழுபத்தைந்து ஆகிறது. எனக்கு அதிர்ஷ்டம், இன்னொரு உழக்கு இருந்தது. எல்லா வீட்டிலும் பாட்டி இரண்டு வாங்கியிருக்க மாட்டார்.

டிஸ்கி: அம்மாவின் நோட்டில் "முறுக்குக்கு உளுந்து மாவு ஒரு கை" என்று ஒரு வரி இருக்கிறது. கைக்கு இன்னும் எடை கிடைக்கவில்லை. தங்கைக்கு அம்மாவின் கை அளவு என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் வரும்போது தராசோடு காத்திருக்கிறேன்.